கூடத்துச் சுவரில் கறுப்பு வெள்ளைப் படங்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தின் நீளமான சுவரில் வண்ணப் படம் ஒன்றுகூட இல்லை. பழைய குடும்பப் புகைப்படங்கள், மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காட்சி, பேனாவால் வரைந்த கோட்டோவியங்கள் என்று அங்கே மாட்டியிருப்பவை எல்லாமே கறுப்பு வெள்ளைதான். வீட்டுக்கு வருகிற நண்பர்கள் அதைப் பார்த்துவிட்டு எங்கே அச்சிட்டீர்கள், எந்தக் கண்ணாடி போட்டீர்கள், சுவருக்கு என்ன வண்ணம் அடித்தீர்கள் என்றெல்லாம் கேட்கிறார்கள். எல்லாக் கேள்விகளுக்கும் அடிப்படையில் ஒரே பதில்தான் உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தின் உயிர் முழுக் கறுப்புக்கும் முழு வெள்ளைக்கும் இடையிலுள்ள சாம்பல் படிகளில் இருக்கிறது. படத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் ஆணி அடிப்பது வரை ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் படிகள் கெடாமல் காப்பாற்றப்படுகின்றனவா என்று பார்த்துக்கொண்டால், மீதி எல்லாம் தானாக அமைந்துவிடும்.

ஆனால் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே வேறொரு தடையைக் கடக்க வேண்டியிருக்கிறது. கூடத்தில் கறுப்பு வெள்ளைப் படங்கள் மாட்டப் போகிறேன் என்று சொன்னவுடன் அம்மா, “படமாயிட்டவங்களைத்தானே அப்படி மாட்டுவோம்? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சந்தனப்பொட்டு வைத்து, மாலை போட்டு, மேலே சிறு விளக்கெரியும் மார்பளவுப் படத்தைப் பார்த்தே நாமெல்லோரும் வளர்ந்திருக்கிறோம். இறந்தவரின் படம் கறுப்பு வெள்ளையில் இருப்பது என்பது பல தலைமுறைகளாக வீடுகளில் ஊறிப்போன பழக்கம். எனவே முதலில் ஒரு பிரிவினை செய்துகொண்டோம். தாத்தா, பாட்டியின் மாலையிட்ட படங்கள் வழக்கம்போல் தெற்குப் பார்த்த சுவரில் தனியாகவே இருக்கும். கூடத்துச் சுவரில் நேராக நிமிர்ந்து கேமராவைப் பார்க்கும் மார்பளவுப் படம் எதுவும் வராது. அங்கே மாட்டப்படுபவர்கள் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும்: கூட்டமாக நிற்பவர்கள், சிரிப்பவர்கள், தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு அம்மாவே பெட்டியைத் திறந்து படங்களைத் தேடித் தர ஆரம்பித்தார்.

அவரிடம் நான் இன்னொன்றையும் சொன்னேன். கறுப்பு வெள்ளைப் படத்தைத் துக்கத்தோடு சேர்த்துப் பார்க்காத வழக்கமும் நம்மிடம் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த ஜி. ஜி. வெல்லிங் 1946இல் எடுத்த ரமண மகரிஷியின் முகப்படம் எத்தனையோ தமிழ் வீடுகளின் முன்னறையில் இருக்கிறது. வெள்ளைத் தாடி, ஒட்ட வெட்டிய நரைமுடி, கண்களில் தேங்கிய ஒளி என்று கிட்டத்தட்ட வெளிர்சாம்பல் படிகளாலேயே ஆன படம் அது. நல்ல அச்சில் தாடியின் ஒவ்வொரு முடியும் தனித்தனியே தெரியும். தெருவோரத்தில் விற்கும் அச்சில் தாடியும் கன்னமும் ஒரே வெண்மையாகக் கரைந்திருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நான் சாம்பல் படிகள் என்று சொல்வது என்ன என்பது உடனே விளங்கிவிடும்.

எங்கள் வீட்டுப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படம். திரையில் வரைந்த மாடிப்படியும் பூந்தொட்டியும் பின்னால் இருக்க, தாத்தா பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். பெரிய அத்தை பட்டுப்பாவாடையோடு முக்காலியைப் பிடித்தபடி நிற்கிறார். பாட்டியின் மூக்குத்தி ஒரு வெள்ளைப் புள்ளியாக மின்னுகிறது. பாட்டியின் நெற்றிக் குங்குமம் மட்டும் கருந்துளிபோல் இருக்கிறது. அந்தக் காலத்துப் பல தகடுகளுக்கும் பிலிம்களுக்கும் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது என்பதால் குங்குமமும் வெற்றிலைச் சிவப்பேறிய உதடும் கறுத்தே பதியும். இந்தப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது தாத்தாவின் வேட்டி மடிப்புகள் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டன. முழங்காலில் இறுகி, கணுக்காலை நோக்கித் தளர்ந்து விழும் துணியில் வெள்ளைக்குள்ளேயே எத்தனையோ வெள்ளைகள் இருக்கின்றன. சலவைக் கஞ்சியின் விறைப்புக்கூடத் தெரிகிறது. அக்கம்பக்கத்துக் கடையில் செல்போனில் நகலெடுத்து அச்சிட்ட படத்தில் அந்த வேட்டி வெறும் வெள்ளைத்தாள். அத்தையின் பாவாடையிலோ கரைக்கும் உடலுக்கும் வேறுபாடே இல்லாமல் எல்லாம் கறுப்பாக அடைத்துப்போயிருந்தது. ஒரு முகம்கூட மாறவில்லை. ஆனால் அவர்கள் உடுத்தியிருந்த துணியும் அமர்ந்திருந்த வெளிச்சமும் காணாமல் போய்விட்டன.

இப்படிப்பட்ட படங்கள் இத்தனை காலம் தாங்கியதற்குக் காரணம் அவற்றின் வேதியியல். கறுப்பு வெள்ளைத் தாளில் உருவத்தைத் தாங்கி நிற்பது ஜெலட்டினில் பொதிந்த நுண்ணிய உலோக வெள்ளித் துகள். வண்ணப் படத்தில் அந்த வேலையைச் சாயங்கள் செய்கின்றன. எழுபது, எண்பதுகளில் எடுத்த நம் வீட்டுக் கல்யாண வண்ணப் படங்கள் ஆல்பத்துக்குள் இருந்தபடியே செம்மை பாய்ந்துபோனதற்கு, அன்றைய தாள்களில் இருந்த பசுநீலச் சாயம் இருட்டிலும் மங்கிவிடக்கூடியதாக இருந்ததே முக்கியக் காரணம். அதற்கு முந்தைய தலைமுறையின் கறுப்பு வெள்ளைப் படம் பக்கத்திலேயே தெளிவாக இருக்கும். அந்தத் தாள்களிலும் பிலிம்களிலும் ஒரு பகுதி நம் மாநிலத்திலேயே உருவானது என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும்: உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960இல் தொடங்கப்பட்டு, 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் உற்பத்தி செய்தது. அந்த ஆலை இன்று இல்லை. கோடக் நிறுவனமே 2005இல் கறுப்பு வெள்ளைத் தாள் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. ஆகவே பெட்டியில் இருக்கும் அசல் படம் திரும்பச் செய்ய முடியாத பொருள். அதைச் சுவரில் மாட்ட வேண்டாம். நகலை மாட்டி, அசலை அமிலமற்ற தாளில் பொதிந்து, உலர்ந்த இடத்தில் வைத்துவிடலாம். அசலின் ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு படர்ந்திருந்தால் அதைத் துடைத்து எடுக்க முயல வேண்டாம். வெள்ளி மெல்ல மேலே வந்து படிவதால் உண்டாகும் பளபளப்பு அது. துடைத்தால் உருவமும் சேர்ந்து போய்விடும்.

நகலெடுக்கும்போது தட்டையான ஸ்கேனரில், அங்குலத்துக்கு 600 புள்ளி (600 டிபிஐ) அளவில், வண்ண முறையிலேயே எடுப்பது நல்லது. கறுப்பு வெள்ளைப் படத்தை எதற்கு வண்ணத்தில் எடுக்க வேண்டும் என்று தோன்றும். மஞ்சள் கறைகளைப் பின்னர் கணினியில் பிரித்தெடுப்பதற்கும், தாளின் பழுப்புச் சாயலைக் காப்பதற்கும் அது உதவும். அச்சைப் பொறுத்தவரை பெரும்பாலோர் இடறுமிடம் சாதாரண கலர் லேப். அங்கே அச்சாகும் தாள் வண்ணப் படத்துக்கானது; மூன்று சாயங்களைக் கலந்துதான் சாம்பல் நிறத்தை உண்டாக்குகிறார்கள். கலவை சற்றுப் பிசகினாலும் படம் முழுவதும் பச்சையோ ஊதாவோ ஏறிவிடுகிறது. கறுப்போடு ஒன்றிரண்டு சாம்பல் மைகளும் கொண்ட நிறமி மை இங்க்ஜெட் பிரிண்டர் வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்துப் பருத்தித் தாளில் அச்சிட்டால் செலவு சில மடங்கு கூடும். ஆனால் ஒரு சுவரைப் பத்து மலிவான படங்களால் நிரப்புவதைவிட மூன்று நல்ல அச்சுகளோடு நிறுத்திக்கொள்வதையே நான் தேர்ந்தெடுப்பேன். பளபளப்பில்லாத தாளில் கறுப்பு சற்று மென்மையாகவே இருக்கும். பழைய குடும்பப் படங்களுக்கு அது பொருந்துகிறது. மழையிரவு, தெருவிளக்கு என்று ஆழ்ந்த கறுப்பு வேண்டிய படங்களுக்கு, பேரியம் சல்பேட் பூச்சுள்ள பரைட்டா தாள் ஏற்றது. எட்டுக்குப் பத்து அங்குல அச்சுக்கு 2400க்கு 3000 பிக்சல் இருந்தால் போதும் என்பதால், வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சிடக் கொடுப்பதற்கு முன் அதன் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. பழைய படங்களுக்குச் செயலிகள் வழியே வண்ணம் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அத்தையின் பாவாடை அரக்கா, பச்சையா என்பது அத்தைக்குத்தான் தெரியும். இயந்திரத்தின் ஊகத்தை அவர்மேல் போர்த்த நமக்கு உரிமையில்லை.

குடும்பப் படங்கள் மட்டுமே இருந்தால் சுவர் ஆல்பமாகிவிடும் என்பதால் அவற்றின் நடுவே ஓர் இடத்தின் படத்தை வைக்க விரும்பினேன். கடைகளில் கிடைக்கும் புரூக்ளின் பாலமும் ஈபிள் கோபுரமும் வரிக்குதிரையும் அழகானவைதான்; ஆனாலும் அவற்றின் எதிரே நின்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு எந்தக் கதையும் இல்லை. லின்னேயஸ் டிரைப் என்ற மதராஸ் ராணுவ கேப்டன், அரசின் புகைப்படக்காரராக 1857 இறுதியில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டிகளில் கருவிகளைச் சுமந்து சென்று எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. பெரும்பாலும் மெழுகு பூசிய காகிதமே அவருடைய நெகட்டிவ். வெறுமையாகப் பதிந்த வானத்தில் சிலவேளை தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்திருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாக எடுத்து 21 அச்சுகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியிருக்கிறார் என்பது இன்றும் வியக்கவைக்கும் உழைப்பு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதலும், லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி அருங்காட்சியகம் 2013 முதலும் தங்களிடமுள்ள காப்புரிமை நீங்கிய படைப்புகளின் பெரிய அளவுக் கோப்புகளைக் கட்டணமின்றித் தருகின்றன. பழைய மதராஸ் மாகாணத்தைத் தேடுபவர்களுக்கு அவை பெரும் புதையல்.

நான் தேர்ந்தெடுத்தது டிரைப் எடுத்த நாயக்கர் மகாலின் தூண் வரிசை. 1866க்குப் பிறகு மதராஸ் ஆளுநர் நேப்பியர் பிரபுவின் காலத்தில் பழுதுபார்க்கப்படுவதற்கு முன்னால் அந்த மாளிகை எப்படி நின்றது என்பதை அந்தப் படங்களில் பார்க்கலாம். அதிகாரி நினைத்தபடி ஆட்கள் அசையாமல் நிற்கமாட்டார்கள், ஒளிபதியவும் நேரமாகும் என்பதால் டிரைப்பின் பெரும்பாலான படங்களில் மனிதர்களே இல்லை. ஒளியும் கல்லும் சுதையும் மட்டுமே இருக்கின்றன. அந்த அச்சின் இயல்பான நிறம் ஊதா கலந்த பழுப்பு. அச்சிடுபவர் அதைச் சுத்தமான கறுப்பு வெள்ளையாக மாற்றித் தரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அந்தப் பழுப்பில்தான் நிழலுக்குள் இருக்கும் தூண்களின் உருண்டை தெரிகிறது. மாற்றிப் பார்த்தபோது அவை தட்டையாகிவிட்டன. கறுப்பு வெள்ளைச் சுவர் என்றால் எல்லாமே ஒரே கறுப்பில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சற்றே பழுப்பும் சற்றே நீலமுமாக இருந்தால் கண்ணுக்கு இதமாகவே இருக்கிறது.

கோட்டோவியத்தின் இயல்பு வேறு. அதில் உண்மையில் சாம்பல் நிறமே கிடையாது. கோடுகளை நெருக்கியும் விலக்கியும் ஓவியர் அதை நம் கண்ணுக்குள் உண்டாக்குகிறார். இந்த வித்தையில் தமிழ்நாடு வளமான மரபுடையது. ஆனந்த விகடனில் சில்பி கோயில் கோயிலாகச் சென்று நேரில் உட்கார்ந்து வரைந்த சிற்பங்களை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கத்தரித்துப் பைண்டு செய்து வைத்திருந்தார்கள். கே. எம். ஆதிமூலம் (1938–2008) காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி நூறு காந்திச் சித்திரங்களைக் கறுப்பு மையில் வரைந்தார். அவருடைய கோடு ஓரிடத்தில் சிடுக்காகச் சுருண்டு இருளாகும், அடுத்த இடத்தில் ஒற்றை இழையாக ஓடித் தோளாகும். இவற்றை இணையத்திலிருந்து இறக்கி அச்சிடுவது முறையல்ல, அவை உரிமையுள்ள படைப்புகள். அதற்குப் பதிலாக இன்று வரைந்துகொண்டிருப்பவர்களிடம் நேரில் வாங்கலாம். எங்கள் சுவரில் இருப்பவை கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்த இளம் ஓவியரிடம் வாங்கியவை. காவிரிப் படித்துறையும் அதில் துவைக்கும் பெண்களும். பெரிய நிறுவனங்கள் விற்கும் கேன்வாஸ் அச்சின் விலைக்கே, கையால் வரைந்த அசல் கிடைத்தது. கோட்டோவியத்தை ஒருபோதும் சுருக்கி அச்சிட வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள்: கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சாம்பலாகத் தெரிந்த இடமெல்லாம் மைத்திட்டாகிவிடும்.

சட்டம் போடும் இடத்தில்தான் பணத்தையும் கவனத்தையும் செலவிட வேண்டும். எங்களுக்குச் செய்துகொடுத்த பெரியவர் படத்தைக் கையில் வாங்கியவுடனே, “மவுண்ட் இல்லாம போடாதீங்க சார், அடுத்த மழைக்குக் கண்ணாடியிலே ஒட்டிக்கும்” என்றார். சென்னை போன்ற கடலோர ஊரில் இது முழு உண்மை. ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது முகமே உரிந்து வரும். மவுண்ட் என்பது அலங்கார ஓரம் மட்டுமன்று, படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்று நிற்க வழிசெய்யும் அட்டை. அது அமிலமற்றதாக இருக்க வேண்டும். மலிவான அட்டை சில வருடங்களிலேயே படத்தைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டுவிடும். நிறமும் முக்கியம். நம் வீடுகளில் பெரும்பாலும் சந்தன நிறமோ இளமஞ்சளோ பூசிய சுவர்கள். அவற்றின்மேல் பால்வெள்ளை மவுண்ட் வைத்தால் படத்திலுள்ள வெள்ளைகளெல்லாம் அழுக்காகத் தெரியும். தாத்தாவின் வேட்டியைவிட வெளுப்பான எதுவும் அந்தச் சட்டத்துக்குள் இருக்கக் கூடாது என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தந்த நிறம் பச்சரிசிச் சோற்றைப் போன்றது, மிகச் சரியாக இருந்தது.

கண்ணாடியில் இருக்கும் சிக்கல் கறுப்பு வெள்ளைக்கே உரியது. படத்தின் கறுப்புப் பகுதி கண்ணாடிக்குப் பின்னால் வந்தவுடன் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது. எதிரே உள்ள ஜன்னலும் டியூப்லைட்டும் பார்ப்பவரின் தலையும் அதில் விழுகின்றன. இதற்குப் பலரும் சொரசொரப்பான நான்-கிளேர் கண்ணாடியைப் பரிந்துரைக்கிறார்கள். அது பிம்பத்தைக் கலைத்துவிடும், உண்மைதான். ஆனால் மவுண்டின் தடிமனால் படம் சற்றுப் பின்தள்ளி இருப்பதால் கோடுகள் மங்குகின்றன, ஆழ்ந்த கறுப்பின்மேல் சாம்பல் புகை படிந்தாற்போல் ஆகிறது. விலை கூடினாலும் எதிரொளி குறைக்கும் பூச்சுக் கண்ணாடி சிறந்தது. அது கட்டுப்படியாகாதபோது சாதாரண கண்ணாடியே போதும், மாட்டும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். ஜன்னலுக்கு நேர் எதிரே உள்ள சுவரைத் தவிர்த்து, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வரும் சுவரைத் தேர்ந்தெடுத்தாலே பிரச்சினை பாதி குறைந்துவிடும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். காலை வெளிச்சம் படங்களின்மேல் குறுக்காகச் சாய்கிறது, கண்ணாடி குறுக்கிடுவதில்லை.

இரவு வெளிச்சத்துக்கு 6500 கெல்வின் அளவிலான, நீலம் கலந்த வெள்ளை டியூப்லைட் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பெரும் பகை. பழுப்புச் சாயல் செத்து, தோல் நீலம் பாய்ந்ததுபோல் ஆகிவிடும். 3000 கெல்வின் அளவில் இளமஞ்சள் வெளிச்சம் தருவதும், நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் நிறச்சுட்டெண் 90க்கு மேலுள்ளதுமான எல்இடி விளக்கு ஒன்றை மேலிருந்து சாய்வாக விழச் செய்தோம். அன்று மாலைதான் பாட்டியின் புடவைத் தலைப்பில் இருந்த கட்டங்களை அம்மா முதல்முறையாகக் கவனித்து, அது சின்னாளப்பட்டுச் சேலை என்று அடையாளம் சொன்னார்.

மாட்டும் உயரத்துக்கு அருங்காட்சியகங்கள் படத்தின் மையம் தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 சென்டிமீட்டரில் வரும்படி வைக்கின்றன. அது நின்று பார்ப்பவர்களுக்கான கணக்கு. எங்கள் கூடத்தில் பெரும்பாலும் தரையிலோ தாழ்ந்த திவானிலோ அமர்ந்திருப்பதால் ஒரு சாண் கீழே இறக்கினோம். நம் வீடுகளில் படங்களைக் கதவு நிலைக்கும் மேலே, விட்டத்தை ஒட்டி, முன்னால் சாய்த்து மாட்டும் வழக்கம் இருக்கிறது. வணங்குவதற்கு அது பொருந்தும், வேட்டி மடிப்பைப் பார்ப்பதற்குப் பொருந்தாது. எல்லாப் படங்களையும் பெரிதாக்கவும் இல்லை. கும்பகோணத்துப் படம் அசலைவிடச் சற்றே பெரியது, சுற்றிலும் அகலமான மவுண்ட். அதைப் பார்க்க வேண்டுமென்றால் எழுந்து அருகே வர வேண்டும். மகால் படம் மட்டும் தூரத்திலிருந்தே பார்க்கும் அளவுக்குப் பெரியது. இரண்டுக்கும் இடையே ஒரு முழம் வெற்றுச் சுவரை விட்டிருக்கிறோம். எங்களுடையது வாடகை வீடாக இருந்தபோது வீட்டுக்காரர் ஆணி அடிக்க அனுமதிக்கவில்லை. குறுகிய பலகைத் தட்டு ஒன்றை மட்டும் பொருத்தி அதன்மேல் சட்டங்களைச் சாய்த்து வைத்திருந்தோம். மாற்றி மாற்றி வைக்க அது இன்னும் வசதி.

வெளிச்சுவராக இருந்தால் மழைக்காலத்தில் ஓதம் ஏறும். சட்டத்தின் பின்புற மூலைகளில் சிறு ரப்பர் குமிழ்களை ஒட்டிவிட்டால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்றோட்டம் கிடைக்கும், பூஞ்சை பிடிக்காது. பின்பக்கத்து இடுக்குகளைத் தாள்நாடாவால் மூடினால் இராமபாணப் பூச்சி நுழையாது. வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி அடைமழை முடிந்ததும், எல்லாவற்றையும் கழற்றிப் பின்பக்கம் பார்த்துவிட்டு மாட்டுகிறோம். கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தை நேராகத் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும். சட்டத்தின் ஓரத்தில் வழியும் துளி மவுண்டில் ஏறிக் கறையாகிவிடும்.

ஒவ்வொரு சட்டத்தின் பின்பக்க அட்டையிலும் படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகவும், ஊரையும், தெரிந்தவரை வருடத்தையும், அசல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதையும் அம்மா சொல்லச் சொல்ல பென்சிலால் எழுதியிருக்கிறேன். பேனா மை ஓதத்தில் ஊறிப் படத்துக்குள் இறங்கும் என்பதால் பென்சில்தான். கும்பகோணத்துப் படத்தில் கடைசியாக நிற்கும் பையன் யார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. அத்தை அடுத்த மாதம் வரும்போது கேட்டு எழுத வேண்டும்.